மணி அடிப்பவனிடம் யாரும் வருவதில்லை

முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பருத்தித்துறையில் ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தவன் நான். எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில் வந்து இறங்கியபோது டேனிஷில் எனக்குத் தெரிந்தது "யா" என்ற ஒரு சொல். அதையும் தேவையில்லாத இடத்தில்தான் சொல்லுவேன். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் கொமூனில், அதாவது நகரசபையில், வீட்டு உதவியாளர் வேலைக்கு எடுபட்ட முதல் தமிழன். அந்தக் குழுவில் முதல் ஆம்பிளையும் நான்தான். பிற்காலத்தில் ஒரு குழுவையே நடத்தினேன். இன்றைக்கும் ஹெர்னிங் பக்கத்து முதியோர் இல்லம் எதற்குள் போனாலும் எனக்கு ஒரு கோப்பி கிடைக்கும். நீங்கள் சான்றிதழோடு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நான் இரண்டு கையையும் ஒரு வாயையும் வைத்துக்கொண்டு ஏறினேன். வாய்தான் கொஞ்சம் பெரிது.

ஆளை எப்படித் தூக்குவது, படுக்கை விரிப்பை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதில் கைவைக்க மாட்டேன். நான் சொல்லப்போவது தனிமையைப் பற்றி. அதை நான் ஒரு கிழவரிடமும் ஒரு சின்னப் புத்தகத்திலும் படித்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் முழுதாக வாசித்து முடித்த முதல் புத்தகம் அது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடி வாசித்துவிட்டு, ஐயா பிழையாகச் சொல்லியிருக்கிறார் என்று நீங்கள் கிளம்புவீர்கள்.

அந்தக் காலத்தில் நாங்கள் எட்டுப் பேர் இக்காஸ்டில் துணி ஆலைக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். ஷிப்ட் வேலை. ஒருவன் எழும்ப, அந்தச் சூட்டிலேயே இன்னொருவன் படுப்பான். நானும் முதலில் ஆலையில் துணி மினுக்கி, இஸ்திரி போட்டவன்தான். மெசின் போடுகிற சத்தத்துக்கு மேலே கதைத்துக் கதைத்து என் குரல் அப்படியே நின்றுவிட்டது. அதனால் எனக்கு வீட்டில் வைத்த பட்டம் கண்டாமணி. வைத்தவன் செல்வன். கிளிநொச்சிப் பக்கத்து ஆள். மனைவியும் குழந்தையும் ஊரில், சண்டைக்குள்ளே. மாதக் கணக்கில் ஒரு தகவலும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் என்னை நக்கலடிக்கத்தான் திறப்பான்.

"அண்ணை கதைக்கத் தொடங்கினா கோயில் மணியே காதைப் பொத்திக்கொள்ளும்" என்பான்.

எட்டுப் பேரும் சிரிப்போம். பிறகு ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வோம். அதைத் தனிமை என்று நான் அப்போது நினைக்கவில்லை. எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் தனிமை எப்படி வரும் என்பதுதான் என் கணக்கு.

ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது கொமூன் என்னைப் பரீட்சார்த்தமாக வீட்டு உதவியாளர் குழுவில் சேர்த்தது. அந்தக் குழுவின் பொறுப்பாளர் ஒரு பெண். பண்ணை வீட்டில் பிறந்தவர், சிகரெட்டைத் தானே சுற்றிப் புகைப்பவர், அதிகம் பேசாதவர். இந்தப் பக்கத்து ஜூட்லாந்துக்காரர்கள் "அவ்வளவு மோசமில்லை" என்று சொன்னால் அது மாலை போட்டதற்குச் சமம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் என்னிடம் அதைக்கூடச் சொன்னதில்லை. முதல் நாள் ஒரு சைக்கிளைத் தந்தார். "காத்து எதிரிலேதான் வரும். போற நேரமும் வரும், வாற நேரமும் வரும்" என்றார். வேலைக்கு அவர் தந்த அறிமுகம் அவ்வளவுதான்.

இக்காஸ்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு சிறிய ஊரில் ஹோல்கர் இருந்தார். எண்பதை எட்டப்போகிற வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நெடுங்காலம். ஒரே மகள் வெளிநாட்டில், தொலைபேசியில் மட்டும் வருவாள். கண் அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வாத்தியார் என்றால் நான் ஊரிலேயே ஒளித்து ஓடியவன். இங்கே கொமூன் என்னைக் கொண்டுபோய் ஒரு வாத்தியாரின் வீட்டு வாசலிலேயே நிறுத்தியது.

டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். தமிழில் எழுதும்போது எனக்கு அது வராது. அவர் சொன்னதை என் வாய்த் தமிழிலேயே தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் தெரியாத மனிதர் அந்த வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கதிரையின் முதுகைத் தொடுவார், அங்கிருந்து மேசை விளிம்பு, அங்கிருந்து அலுமாரிக் கைப்பிடி, அடுத்தது குசினி. கோப்பித் தகரம் இன்ன தட்டில், கோப்பை இன்ன ஆணியில். தடவமாட்டார், நேரே போய் எடுப்பார். அவருடைய மகளும் கொமூனும் அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை வாசல் படியில் விழுந்திருந்தார். இன்னொரு முறை விழுந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஹோல்கர் பின்னால் வந்து நின்றார்.

"இந்த வீட்டிலே எனக்குக் கண் தெரியும். வேறை வீட்டிலே நான் குருடன். அதை அவையளுக்கு ஆராவது சொல்லுங்கோ" என்றார்.

சொல்கிறேன் என்றேன். பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் புகையை விட்டுக்கொண்டு, தெரியும் என்பதுபோல் தலையாட்டினார்.

ஹோல்கர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வேலை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அவர் மடியிலே எப்போதும் ஒரு மெல்லிய பழைய புத்தகம் இருக்கும். ஒரு காலத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கட்டாயம் படித்த குறுநாவலாம். வேலைக்காலம் முழுவதும் அதை வகுப்பு வகுப்பாகப் படிப்பித்திருக்கிறார். வாசிக்க வேறு ஆளா கிடைக்கவில்லை என்று கேட்டேன். "மற்றவை நல்லா வாசிப்பினம். விளங்கிக்கொண்டு கடந்து போயிடுவினம். நீ ஒவ்வொரு சொல்லிலும் விழுந்தெழும்பித்தான் போவாய். அதுதான் எனக்கு வேணும்" என்றார். இதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறேன்.

தரை கூட்டாமல் புத்தகம் வாசித்தால் பொறுப்பாளர் ஏசுவாரோ என்று பயந்து கேட்டேன். "தூசி எங்கேயும் ஓடாது" என்றார்.

கதை இதுதான். ஒரு கடல்நீரேரி. அதன் நடுவில் ஒரு மணல் திட்டு. திட்டில் ஒரு கொட்டில், ஒரு மணி, ஒரு மனிதன். பனிப்புகார் இறங்கினால் அவன் கயிற்றைப் பிடித்து மணி அடிக்க வேண்டும். மணி கேட்டால் கப்பல்கள் திட்டு இருப்பதை அறிந்து விலகிப் போகும். கிட்ட வராதே என்பதுதான் அந்த மணியின் பேச்சு. அவன் வேலையைச் சரியாகச் செய்தால் அவனிடம் யாரும் வரமாட்டார்கள். தான் காப்பாற்றிய ஒருவருடைய முகத்தையும் அவன் கண்டதில்லை.

இதை வாசித்த அன்று சைக்கிளில் வீட்டுக்கு வந்து மற்ற ஏழு பேருக்கும் சொன்னேன். செல்வன் மட்டும் சிரிக்கவில்லை.

நடுப்பக்கம் வந்தது. நாட்கணக்கில் விடாத புகார். அவன் அடித்துக்கொண்டே இருக்கிறான். ஒரு கட்டத்தில் கயிற்றை விடுகிறான். மணி நிற்கிறது. ஒரு கப்பல் மணலில் ஏறுகிறது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவன் கொட்டிலுக்கு வருகிறார்கள். அவன் அடுப்பை மூட்டி எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுகிறான். அவன் வருடக்கணக்கில் கேட்காத மனிதச் சத்தம். அப்போது ஒருவர் எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஓர் ஆள் குறைகிறது என்கிறார்.

அவன் ஏன் கயிற்றை விட்டான்? புத்தகம் சொல்லவில்லை.

"வகுப்பிலே நான் கேக்கிற கேள்வி இதுதான். நீ என்ன சொல்லுறாய்?" என்றார் ஹோல்கர்.

எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆட்கள் வரவேண்டும் என்று வேணுமென்றேதான் விட்டான், தனிய இருந்து இருந்து அவனுக்கு விசர் பிடித்துவிட்டது, என்னை அந்தத் திட்டில் விட்டிருந்தால் நான் முதல் கிழமையே மணியைக் கழற்றிக் கடலில் எறிந்திருப்பேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் சிரித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள் என்றார். அப்படியென்றால் உங்கள் பதில் என்ன என்று கேட்டேன். தான் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை என்றார். சொன்னால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்களாம்.

நான் யோசித்தேன். ஆனால் எனக்கு யோசனை வந்தால் கையும் காலும் உடனே கிளம்பிவிடும். கிழவர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார், இவருக்கு ஆட்கள் வேண்டும், வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். கார்த்திகை மாதம் அவருடைய எண்பதாவது பிறந்தநாள் வந்தது. மகளால் வரமுடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு மனிதர் நோயென்று படுத்தாலோ நல்லது கெட்டது நடந்தாலோ வீடு நிறைய ஆள் போய் இருக்க வேண்டும். சொல்லிவிட்டா போவோம்? சொல்லிவிட்டுப் போனால் அது விருந்து. சொல்லாமல் போனால்தான் உரித்து.

எட்டுப் பேரும் போனோம். ரோல்ஸ் பொரித்தோம், உளுந்து வடை சுட்டோம், கேக் என் கையால் போட்டது. அந்தக் கேக்கைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம், விடுகிறேன். கதவைத் திறந்த ஹோல்கர் வாசலிலேயே நின்றார். மேசையில் ஒரு சின்னக் கொடி, ஒரு கோப்பை, ஒரு துண்டுப் பாண். தனக்குத் தானே வைத்திருந்தார். எட்டுப் பேரும் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போனோம். கதிரை போதாது. எங்கள் வழக்கப்படி மேசையையும் கதிரைகளையும் சுவரோரம் தள்ளிவிட்டு, நிலத்தில் விரிப்பு விரித்து வட்டமாக இருந்தோம். கசெற்றில் பாட்டுப் போட்டோம். ஹோல்கருக்கு நடுவில் இடம். அவர் ஒரு ரோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குரல் வருகிற பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பி, மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட வீட்டில் எச்சில் பாத்திரம் வைத்துவிட்டு வருவது எங்கள் வளர்ப்பில் இல்லை. செல்வன் குசினிக்குள் போய் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தான். கோப்பைகளைப் பெரிது சிறிதாக நிரைப்படுத்தி மேல் தட்டில் அடுக்கினான். தகரங்களை வரிசையாக்கினான். குசினி கண்ணாடிபோல் இருந்தது. அவனுடைய கண் சிவந்திருந்ததைக் கண்டேன். வெங்காயம் உரிக்கவில்லையே என்று மட்டும் நினைத்தேன். போகும்போது ஹோல்கர் எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். நாங்கள் பாடிக்கொண்டே ரயிலுக்குப் போனோம். ஒரு கிழவனுடைய தனிமையை ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்ட பெருமை எனக்கு.

அடுத்த நாள் காலை நான் வேலைக்குப் போனபோது கதவு திறக்கவில்லை. மணியை அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. திறந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சன்னல் சீலைகள் மூடியிருந்தன. கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுத்த வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் உடனே தன் காரில் வந்து இறங்கினார்.

இனிச் சொல்வதை நன்றாகக் கேளுங்கள், உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும்.

விதி தெளிவாக இருந்தது. ஆள் பதில் சொல்லாவிட்டால் பூட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கதவை உடைக்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். உடைத்த கதவுக்குள்ளிருந்து வெளியே எடுக்கப்பட்ட கிழவர் திரும்பித் தன் வீட்டுக்கு வருவதில்லை. அது பொறுப்பாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உடைக்காமல் நின்று, உள்ளே அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தால்? அந்தப் பழியை யார் சுமப்பது?

நான் கதவிலுள்ள தபால் துவாரத்தைத் தூக்கிக்கொண்டு கத்தத் தொடங்கினேன். ஹோல்கர், நான்தான் வந்திருக்கிறேன், கோபமா, சொல்லாமல் வந்ததற்கா, எங்கள் ஊர் வழக்கம் இது, நாங்கள் நல்லதுக்குத்தான் செய்தோம், டாக்டரைக் கூப்பிடப் போகிறார்கள், ஒரு சொல் சொல்லுங்கள், கேக் பிடிக்கவில்லையா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது.

பொறுப்பாளர் என் தோளில் கை வைத்தார்.

"கொஞ்சம் வாயை மூடு" என்றார்.

மூடினேன். என் வாழ்க்கையில் யாரும் அப்படிச் சொல்லி நான் மூடியது அதுதான் முதல் தடவை. வெளியே பனிப்புகார் அடைத்திருந்தது. தெருவில் சத்தமே இல்லை. இரண்டு பேரும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே ஏதோ கரகரவென்று இழுபட்டது. நின்றது. திரும்ப இழுபட்டது. நிலத்தில் மரக்கால் உரசுகிற சத்தம். கதிரை. மனிதர் உள்ளே கதிரைகளை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. சுவரோரம் தள்ளிய மேசை. நிரைப்படுத்திய கோப்பைகள். இந்த வீட்டிலே எனக்குக் கண் தெரியும் என்று சொன்ன மனிதருடைய இரண்டு கண்ணையும் நாங்கள் எட்டுப் பேரும் கூடிக் கழுவித் துடைத்து மேல் தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

பொறுப்பாளரிடம் மெல்லச் சொன்னேன். அவர் கார்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். ஆள் உயிரோடு நடமாடுகிறார், சரி. ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறதா? அது தெரியாமல் தான் இந்த இடத்தைவிட்டுப் போக முடியாது என்றார். ஏதாவது கேள், ஒன்றே ஒன்று கேள் என்றார்.

ஒன்றே ஒன்று. எனக்கு ஒன்றுக்குள் நிற்கத் தெரியுமா? பெயரைக் கேட்கலாமா, இன்றைக்கு என்ன நாள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். எண்பது வயது வாத்தியாரிடம் போய் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் அவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. துவாரத்தருகே குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"ஹோல்கர், அவன் ஏன் கயிற்றை விட்டவன்?"

கதிரைச் சத்தம் நின்றது. காத்திருந்தோம். பொறுப்பாளர் கையிலிருந்த திறப்புக்கூட அசையவில்லை.

"கேக்கிறதுக்கு" என்றது குரல். கதவுக்கு மிகக் கிட்டத்திலிருந்து வந்தது. "மணி அடிச்சுக்கொண்டிருக்கிறவனுக்கு வேறை ஒண்டும் கேக்காது. அங்காலை ஆராவது இருக்கினமோ எண்டு கேக்கத்தான் நிப்பாட்டினவன். கப்பலை ஏத்த இல்லை."

நான் காதைத் துவாரத்தில் வைத்தேன்.

"இப்ப உனக்கு என்ன கேக்குது?" என்றார்.

"உங்கடை மூச்சுக் கேக்குது" என்றேன்.

"எனக்கும் கேக்குது. மாடு மாதிரி மூச்சு விடுறாய். ஆர் பக்கத்திலே, புகைக்கிற மனிசியோ?"

பொறுப்பாளர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். தாழ்ப்பாள் விலகியது.

ஹோல்கர் இரவுச் சட்டையோடு நின்றார். நெற்றியில் ஒரு காயம், இரத்தம் காய்ந்திருந்தது. காலையில் எழும்பி மேசை விளிம்புக்குக் கையை நீட்டியிருக்கிறார், அங்கே மேசை இல்லை, விழுந்துவிட்டார். எழும்பி நின்றபோது, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கதிரை. கோப்பித் தகரத்தைத் தேடித் தேடிக் களைத்திருக்கிறார். யாராவது காயத்தைப் பார்த்தால் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து முடிக்கும்வரை கதவைத் திறப்பதில்லை என்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

"தெரியாத வீட்டுக்குள்ளை நான் எப்பிடி ஆக்களை உள்ளுக்கு வா எண்டு கூப்பிடுறது?" என்றார். இன்னொன்றும் சொன்னார். "எனக்கு இந்த வீட்டு அமைதி பழக்கம். நீங்கள் வந்துபோன பிறகு இருந்தது வேறை அமைதி. அதை எனக்குத் தெரியாது."

பிள்ளைகளே, அந்த வசனத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒருவருடைய வீட்டுக்குள் போய் அரை மணி நேரம் கலகலப்பாக்கிவிட்டு வருவது பெரிய காரியமில்லை. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளிக்கிட்ட பிறகு அந்த வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அன்றைக்கு நான் தரை கூட்டவில்லை. ஹோல்கர் நடுவில் நின்று சொல்லச் சொல்ல, மேசையையும் கதிரைகளையும் பழையபடி வைத்தேன். ஒரு விரல் இடைவெளி பிழைத்தாலும் ஏற்கமாட்டார், வாத்தியார் அல்லவா. பொறுப்பாளர் நெற்றிக் காயத்தைத் துடைத்துக் கட்டினார். கட்டிவிட்டு ஹோல்கரின் தொலைபேசியிலேயே கொமூனுக்குக் கதைத்தார். நான் அடி வாங்கப்போகிற பிள்ளையைப்போல் நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: ஆள் நலமாக இருக்கிறார், புத்தி என்னைவிடத் தெளிவு. எங்கள் ஆட்கள் அவருடைய வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிவிட்டார்கள், அதில் தடுக்கி விழுந்தார், பிழை அவருடைய வயதில் இல்லை, எங்கள் கையில். இனி இந்த வீட்டில் ஒரு கரண்டியும் இடம் மாறாது, அதற்கு நான் பொறுப்பு. டாக்டரையும் மகளையும் அவரே சமாளித்தார்.

என்னைப் பார்த்து ஒரு சொல் ஏசவில்லை. காரில் ஏறும்போது, "அந்தக் கேள்வி அவ்வளவு மோசமில்லை" என்றார். கேட்டீர்களா? மாலை போட்டதற்குச் சமம் என்று முன்னமே சொன்னேன்.

ஹோல்கர் அந்த வீட்டிலேயே இருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் எட்டுப் பேராகப் போகவில்லை. அவரே சொல்லியனுப்பினார்: ஒருவராக வரட்டும், வருமுன் சொல்லிவிட்டு வரட்டும், சப்பாத்தைக் கதவுக்கு இடப்பக்கம் வைக்கட்டும். முதலில் போனவன் செல்வன். கோப்பைகளை அடுக்கியவன் தான்தான் என்று சொல்லப் போனவன், மூன்று மணி நேரம் கழித்து வந்தான். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டோம்.

"ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை. நான் மனிசியையும் பிள்ளையையும் பற்றிச் சொன்னன். பிறகு ரெண்டு பேரும் சும்மா இருந்தம்" என்றான். அவனுடைய முகத்தைப் பார்த்தபோதுதான், அன்று குசினியில் அவன் வெங்காயம் உரிக்காமல் ஏன் கண் சிவந்து நின்றான் என்பது எனக்கு விளங்கியது. ஒரே அறையில் பக்கத்துப் படுக்கையில் படுத்தவன் நான். அவனிடம் நான் ஒருநாளும் மணியை நிறுத்தவில்லை.

அவன் ஒவ்வொரு ஞாயிறும் போனான். ஹோல்கரிடம் டேனிஷ் படித்தான். அவருக்குச் சில தமிழ்ச் சொற்களும் படிப்பித்தான். என்ன சொற்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அடுத்த வருடம் மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தபோது அவன் அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய வீடும் அதுதான். குழந்தை கதிரையை இழுக்கப் போனபோது அவன் ஓடிப்போய்த் தடுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நானும் என் பங்குக்குப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டே போனேன். டேனிஷ் பிள்ளைகள் ஒரு கிழமையில் முடிக்கிற புத்தகம் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஆனால் அவர்களைவிட நான் நன்றாக வாசித்தேன், இதில் சந்தேகம் வேண்டாம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஹோல்கருக்கு வெளிச்சமும் நிழலும்கூடத் தெரியாமல் போயிருந்தது. ஆனாலும் கோப்பித் தகரத்துக்கு நேரே கை போகும்.

கடைசிப் பக்கத்தில், கப்பல் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு புதைகுழி மட்டும் திட்டில் இருக்கிறது. மறுபடி புகார் இறங்குகிறது. அவன் போய்க் கயிற்றைப் பிடிக்கிறான். அடிக்கிறான். நிறுத்துகிறான். மறுபடி அடிக்கிறான். நிறுத்துகிறான். அந்த நீரேரியில் எத்தனையோ மணிகள் இருந்தும், அந்தத் திட்டின் மணியை மட்டும் மாலுமிகள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்களாம். அதுதான் இடையில் நின்று நின்று ஒலிக்கிற மணி. நிற்கிற நேரத்தில் அவனுக்கு என்ன கேட்டது என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

புத்தகத்தை மூடி மேசையில், அது எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்த மணிக்காரனைப் பற்றி, செல்வனைப் பற்றி, எங்கள் எட்டுப் பேரைப் பற்றி, எனக்கு வந்த யோசனைகளை எழுதினால் அந்தப் புத்தகத்தைவிடத் தடித்த புத்தகம் வரும். நான் வாய் திறக்கவில்லை. மணிக்கூடு ஓடுகிற சத்தம் கேட்டது. சன்னலுக்கு வெளியே காற்று. அவர் கோப்பையைத் தட்டில் வைத்தது.

வழக்கமாக வரவேண்டிய என் பிரசங்கத்துக்காக அவர் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். அது வரவில்லை. செல்வன் படிப்பித்த தமிழை எடுத்தார்.

"என்ன, கண்டாமணி? ஒண்டும் சொல்லேல்லை?"

"கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றேன்.